ஆறு கிலோமீட்டரின் விலை: சுங்கை சிப்புட் தோட்டப்புற இணையம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்துக்குள் குடியிருப்பவருக்கு இணையம் ஒரு சிக்கலாகத் தோன்றாது. ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய கூட்டரசுச் சாலையை ஒட்டிய கடைவரிசைகளுக்கும் அவற்றின் பின்னால் இருக்கும் தாமான்களுக்கும் (வீடமைப்புப் பகுதிகளுக்கும்) ஒளியிழை வடம் வந்துவிட்டது. விண்ணப்பம் கொடுத்தால் சில நாள்களில் ஆள் வந்து ரவுட்டரை மாட்டிவிட்டுப் போகிறார். அதே பட்டணத்தின் பெயரைத் தன் முகவரியில் தாங்கியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் கடைசிப் பிரிவில் இருப்பவர் அதே விண்ணப்பத்தைக் கொடுத்தால், அந்தப் பகுதியில் சேவை இல்லை என்ற ஒற்றை வரியே பதிலாகக் கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஆறு கிலோமீட்டர் செம்மண் சாலை. அந்த ஆறு கிலோமீட்டருக்கு என்ன விலை, அதை இதுவரை யார் கொடுத்துவருகிறார்கள், இனி யார் கொடுப்பது நியாயம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்தின் பெயரையும் அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. தைப்பிங்கிலிருந்து தாப்பா வரைக்கும், பேராக்கைத் தாண்டி கெடாவிலும் நெகிரி செம்பிலானிலும் ஜொகூரிலும், இதே அமைப்பில் நூற்றுக்கணக்கான பிரிவுகள் உள்ளன. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவற்றின் நிலையையும் பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம்.

களம்

முச்சந்தியில், தோட்டத்தின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நிற்கும் கம்பத்தில், ஒளியிழையைப் பிரித்துக் கொடுக்கும் கறுப்புப் பெட்டி ஒன்று தொங்குகிறது. வடம் அதோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து உள்ளே போகும் சாலை முதலில் அலுவலகத்தையும் ஆலையையும் தொடுகிறது. பிறகு ஓர் ஓடையைக் கடந்து, இருபக்கமும் வானத்தை மறைத்து நிற்கும் செம்பனைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து சென்று, ஏறத்தாழ ஐம்பது வீடுகள் இருக்கும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், முடிகிறது. மாரியம்மன் கோவில், தமிழ்ப்பள்ளி, மூடிக்கிடக்கும் பழைய ஆயக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்), ஒரு சிறிய மளிகைக்கடை ஆகியவை அங்கே உள்ளன. பாதி வீடுகளில் தமிழ்க் குடும்பங்களும், மீதி வீடுகளில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களில் இளையவர்கள் பலர் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. தொழிற்சாலைப் பேருந்தில் விடியற்காலையில் ஈப்போவுக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

கைப்பேசிச் சமிக்ஞை முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டின் முன்பக்கச் சன்னல் விளிம்பில் கைப்பேசியை நிறுத்தி வைப்பதற்காகவே ஆணியடித்து மாட்டிய ஒரு நெகிழிக் கூடையைப் பல வீடுகளில் காணலாம். அந்த இடத்தில் சமிக்ஞை கிடைக்கிறது. இரண்டடி உள்ளே வந்தால் போய்விடுகிறது. மூன்று பிள்ளைகளின் தாயான ஓர் அக்கா அதை இப்படி விளக்கினார்: "மத்தியானத்துல ரெண்டு கோடு காட்டும், அண்ணே. ராத்திரி எல்லாரும் வேலை முடிஞ்சி வந்துட்டா அதுவும் போயிரும். பெரியவனுக்குப் பாடம் அனுப்பணும்னா மோட்டார எடுத்துக்கிட்டு முச்சந்திக்குத்தான் போவான். மழை பேஞ்சா அதுவும் இல்ல."

அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. ஒரு கோபுரத்தின் ஒரு பக்கத்து அலைவரிசையை அந்தப் பக்கத்தில் இருக்கும் அனைவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இரவில், ஊருக்குப் படத்துடன் பேசும் அயல்நாட்டுத் தொழிலாளியும் காணொளி பார்க்கும் இளைஞரும் பாடம் அனுப்பும் மாணவனும் ஒரே நேரத்தில் அதைக் கேட்கும்போது ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சுருங்கிவிடுகிறது. செம்பனையும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. இலைகளும் அவற்றில் தங்கும் ஈரமும் வானலையை உறிஞ்சக்கூடியவை, அதிலும் உயர் அலைவரிசைகளே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன. கன்று நட்ட முதல் ஆண்டுகளில் ஓரளவு தெளிவாக வந்த சமிக்ஞை, மரம் உயர உயர ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே போகிறது. புதிய கைப்பேசி வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்பிக் கடனுக்கு வாங்கிய குடும்பங்கள் அங்கே இருக்கின்றன என்பதை வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கணக்கு

ஒளியிழை இணையத்தில் விலை கூடிய பொருள் கண்ணாடி இழை என்று பலர் நினைக்கிறார்கள். வீடுகளுக்கு இன்று பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையை வழியில் 32 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும்; அது 20 கிலோமீட்டர் வரை சென்று சேரும். ஆகவே இந்த லயம் முழுவதற்கும் தேவைப்படுவது அடிப்படையில் இரண்டே இழைகள். தொலைவும் தொழில்நுட்பத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது. பழைய செம்புக் கம்பி வழியே வந்த ஸ்ட்ரீமிக்ஸ் இணையச் சேவையின் காலத்தில், தொலைபேசி நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போனாலே வேகம் சரிந்துவிடும் என்பதால், தோட்டங்களுக்குத் தர முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருந்தது. இன்று அந்தக் காரணம் இல்லை. செலவின் பெரும்பகுதி கம்பம் நடுவதிலும், குழி தோண்டுவதிலும், ஓடையைக் கடப்பதிலும், அனுமதி வாங்குவதிலும், கூலியிலும் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பத்தில் வடம் இழுக்க ஒரு கிலோமீட்டருக்கு 40,000 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். நிலத்தடியில் புதைத்தால் இது பல மடங்காகும். ஆறு கிலோமீட்டருக்கு 2,40,000 வெள்ளி. ஐம்பது வீடுகளுக்கும் பங்கிட்டால் வீட்டுக்கு 4,800 வெள்ளி. பட்டணத்துத் தாமானில் ஐம்பது வீடுகள் 300 மீட்டருக்குள் அடங்கிவிடும். அதே விலையில் அங்கே மொத்தச் செலவு 12,000 வெள்ளி, வீட்டுக்கு 240 வெள்ளி. இருபது மடங்கு வேறுபாடு. ஆனால் இரண்டு இடத்திலும் நிறுவனம் வசூலிக்கும் மாதக் கட்டணம் ஒன்றுதான், ஏனெனில் இந்நாட்டில் நிலைவழி இணையத் திட்டங்களின் விலை பொதுவாக இடத்துக்கு இடம் மாறுவதில்லை.

ஐம்பது வீட்டாரும் சேருவார்கள் என்பதும் உறுதியில்லை. பாதிப் பேர்தான் சேருகிறார்கள் என்றால் வீட்டுச் செலவு 9,600 வெள்ளியாகிறது. மாதம் 100 வெள்ளிக் கட்டணத்தில், சேவை நடத்தும் செலவெல்லாம் போக 30 வெள்ளி மட்டுமே முதலீட்டை ஈடுகட்ட எஞ்சுகிறது என்று கொண்டால், போட்ட பணம் திரும்ப 320 மாதங்கள், அதாவது 26 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தோட்டத்தில் ஒரு செம்பனையை நட்டு, அறுவடை செய்து, முதிர்ந்ததென்று வெட்டிச் சாய்க்கும் காலம் ஏறத்தாழ அவ்வளவுதான். எந்த வணிக நிறுவனமும் அவ்வளவு காலம் காத்திருக்காது. அதற்காக அந்நிறுவனத்தைக் குறை சொல்வதும் பொருத்தமில்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, தொலைவைப் போலவே சேர்கிற வீடுகளின் எண்ணிக்கையும் விடையை எவ்வளவு அசைக்கிறது என்பதுதான். ஐம்பது வீடும் சேர்ந்தால் 26 ஆண்டு 13 ஆண்டாகச் சுருங்குகிறது. முதலீட்டில் பாதியை வேறொரு நிதி ஏற்றால் ஆறரை ஆண்டு. அந்த நிலையில் இது நட்டக் கணக்காக இல்லாமல், நீண்டகாலக் கணக்காக மாறிவிடுகிறது.

கோபுரமும் செயற்கைக்கோளும்

வடத்துக்கு மாற்றாக ஒரு கோபுரம் எழுப்பலாமே என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தலின்போதும் எழுகிறது. புறநகருக்கு வெளியே ஒரு கோபுரத்தின் செலவு 10 லட்சம் வெள்ளியைத் தாண்டுவது வழக்கம். ஐம்பது குடும்பங்களுக்கு மட்டும் என்றால் வீட்டுக்கு 20,000 வெள்ளி. கோபுரம் எழுந்த பிறகும் அதற்கு மின்சாரம் வேண்டும், அதை வெளியுலகுடன் இணைக்க ஒளியிழையோ நுண்ணலை இணைப்போ வேண்டும். கோபுரம் இருந்தும் வேகம் இல்லை என்ற புகார்கள் பலவற்றின் பின்னால் இருப்பது இந்த இரண்டாவது குறைதான். தோட்டத்துக்குள் ஒளியிழை வந்துவிட்டால் பின்னாளில் கோபுரத்துக்கும் அதுவே பயன்படும். கோபுரம் மட்டும் வந்தால் ஒளியிழையின் தேவை அப்படியே நிற்கும். எனவே வடத்தை முதலில் கொண்டுவருவதே அறிவுடைமை என்பது என் கருத்து.

செயற்கைக்கோள் இணையம் வேறு வகை. ஸ்டார்லிங்க் 2023-இல் மலேசியாவில் உரிமம் பெற்றுச் சேவையைத் தொடங்கியபோது, கருவிக்கு 2,300 வெள்ளியும் மாதத்துக்கு 220 வெள்ளியும் கட்டணமாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்த அறிவிப்பு விலைப்படி பார்த்தால், ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகையைக் கருவிக்கு மட்டும் ஒரு தோட்டக் குடும்பம் எடுத்து வைக்க முடியாது.

ஆனால் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செயற்கைக்கோளே பொருத்தமான இடங்களும் இருக்கின்றன. லாசாவைத் தாண்டி, உலு பிளஸ் மலைக்காட்டுக்குள் இருக்கும் தெமியார் பூர்வக்குடிக் கிராமங்களுக்கு நான்கு சக்கர உந்து வண்டியில்தான் போக முடியும். மழைக்காலத்தில் அதுவும் திண்டாட்டம். அங்கே கம்பம் நடுவது பற்றிப் பேசுவதே வீண். சூரியத் தகட்டில் இயங்கும் பொது இணைப்பு ஒன்றைக் கிராமத்தின் நடுவில் வைத்துக் கொடுப்பதுதான் வழி. ஆறு கிலோமீட்டரில் சமதரைச் சாலையும் மின்கம்ப வரிசையும் உள்ள ஒரு தோட்டப் பிரிவை அந்தக் கிராமங்களோடு ஒரே பட்டியலில் சேர்த்து, எல்லாவற்றையும் உட்பகுதி என்று அழைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைப் பரிந்துரைப்பது இரு தரப்புக்கும் அநீதி.

இதுவரை பணம் போன வழி

2008-இல் அரசாங்கமும் தொலைத்தொடர்பு நிறுவனமான டெலிகோம் மலேசியாவும் அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்தன. மொத்தம் 1,130 கோடி வெள்ளி. அதில் அரசாங்கத்தின் பங்கு 240 கோடி. 2010 மார்ச்சில் யூனிஃபை என்ற பெயரில் சேவை தொடங்கியது. பொருளாதாரப் பயன் அதிகமுள்ள இடங்களிலேயே, அதாவது கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் மையப் பகுதி, ஜொகூரின் இஸ்கந்தர் மலேசியா, தொழிற்பேட்டைகள் ஆகியவற்றிலேயே முதலில் வடம் இழுக்கப்பட்டது. 2015-இல் இரண்டாம் கட்டத்துக்கும் புறநகர்த் திட்டத்துக்கும் ஒப்பந்தமானபோதுதான் சிறு பட்டணங்களின் முறை வந்தது. இந்த வரிசையில் பட்டணத்துக்குப் பிறகு தோட்டம் வரவேண்டும். ஆனால் வரிசை பட்டணத்தோடு நின்றது.

எட்டாத இடங்களுக்கென்றே ஒரு நிதி இந்நாட்டில் உண்டு. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் அமைந்த அனைவருக்குமான சேவை நிதிக்கு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானம் ஈட்டும் உரிம நிறுவனங்கள் தங்கள் எடையிட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டைச் செலுத்துகின்றன. அதாவது சன்னல் கூடையில் கைப்பேசியை வைத்து டாப் அப் போடும் அந்த அக்காவின் பணத்திலிருந்தும் ஒரு துளி அந்த நிதிக்குப் போகிறது. 2020-இல் அறிவிக்கப்பட்ட 2,100 கோடி வெள்ளி மதிப்பிலான ஜெண்டேலா எனும் தேசிய இணைய மேம்பாட்டுத் திட்டத்திலும் இந்நிதிக்குக் கணிசமான பங்கு இருந்தது. அதன் முதல் கட்டம் மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி வீச்சை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவதையும், 75 லட்சம் கட்டடங்களுக்கு அருகில் ஒளியிழையைக் கொண்டுபோவதையும் 2022 இறுதிக்கான இலக்குகளாக வைத்தது. இவை சிறிய இலக்குகள் அல்ல.

இருந்தாலும் விழுக்காட்டுக் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. முன்சன்னலில் இரண்டு கோடு காட்டும் லயம், வரைபடத்தில் சமிக்ஞை உள்ள இடமாகவே நிறம் பெறுகிறது. நிறம் பெற்றுவிட்டால், அந்த இடத்துக்கு நிதி கேட்கும் உரிமை தளர்ந்துவிடுகிறது. முழு இருட்டில் இருக்கும் கிராமத்துக்குக் கிடைக்கும் கவனமும் பட்டணத்துக்குக் கிடைக்கும் வணிக ஆர்வமும், இரண்டுக்கும் நடுவில் மங்கலாக இருக்கும் தோட்டப் பிரிவுக்குக் கிடைப்பதில்லை.

இதற்கிடையில் செலவு நடந்துகொண்டேதான் இருக்கிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் தொடங்கியபோது, ஒரு கைப்பேசி இருந்த வீடுகளில் இரண்டு, மூன்று என்றாயின. மேலே சொன்ன அக்காவின் குடும்பத்தில் இன்றும் மூன்று கைப்பேசிகளுக்கு வாரந்தோறும் தனித்தனியாகப் பணம் போடுகிறார்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அது பட்டணத்து வீட்டின் ஒளியிழைக் கட்டணத்தை எட்டிவிடுகிறது. பட்டணத்து வீட்டில் அந்தத் தொகைக்கு அளவில்லா இணையம். இங்கே கிகாபைட் கணக்கில் எண்ணி எண்ணிப் பயன்படுத்துவது. முச்சந்திக்குப் போய்வரும் பெட்ரோலும் மாலை நேரமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. தோட்டத்துக்கு இணையம் கொடுக்கச் செலவு அதிகம் என்று சொல்லும்போது, கொடுக்காமல் இருப்பதற்கான செலவை ஐம்பது குடும்பங்கள் மாதந்தோறும் கட்டிவருவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிலமும் முகவரியும்

பணம் கிடைத்தாலும் வடம் தானாக உள்ளே போய்விடாது. தோட்டச் சாலை பொதுச் சாலையில்லை. அது தனியார் நிலம். ஒவ்வொரு கம்பத்துக்கும் நில உடைமையாளரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தரும் அதிகாரம் பல நேரங்களில் தோட்டத்தில் இருக்கும் நிர்வாகியிடம் இருப்பதில்லை. கோலாலம்பூரில் இருக்கும் தலைமையகத்தின் நிலப் பிரிவுக்குக் கடிதம் போய்த் திரும்ப வேண்டும். மறுப்பு என்று எதுவும் வருவதில்லை, பதில்தான் வருவதில்லை.

இன்னொரு தடை சிறியதாகத் தோன்றினாலும் கடுமையானது. லயத்து வீடுகளுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. கடிதங்கள் எல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. இணைய விண்ணப்பப் படிவமோ கதவு எண்ணையும் சாலைப் பெயரையும் கேட்கிறது. கணினியில் இல்லாத வீட்டுக்கு விண்ணப்பிக்க முடிவதில்லை. விண்ணப்பங்கள் பதிவாகாத இடத்தில் தேவை இல்லை என்றே கணக்காகிறது. வேலை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயங்குவதையும் புரிந்துகொள்ள முடிகிறது.

1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், தோட்ட முதலாளி தொழிலாளருக்குக் குடிநீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் போன்றவற்றைத் தர வேண்டும் என்று வரையறுத்தது. தோட்டங்களில் குழாய்நீரும் மின்விளக்கும் பரவியதில் அந்தச் சட்டத்துக்குப் பங்குண்டு. 2019-இல் அது திருத்தப்பட்டபோது வேறு பல துறைத் தொழிலாளர்களின் தங்குமிடமும் அதற்குள் வந்தது. இணையம் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. முதலாளியே மாதக் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குடியிருப்பு வரை வடம் வருவதற்கு வழிவிடுவதும், வெற்றுக் குழாயோ கம்பமோ அமைத்துக் கொடுப்பதும் கட்டாயக் கடமையாக வேண்டும் என்பதே கோரிக்கை.

செலவைக் குறைக்கும் வழிகள்

இந்தப் பிரிவுக்கு மின்சாரம் ஏற்கெனவே கம்பத்தில்தான் வருகிறது. அதே கம்பத்தில் ஒளியிழையைத் தொங்கவிட்டால் செலவின் பெரும்பகுதி விழுந்துவிடும். இது கற்பனை இல்லை. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் 2018-இல் மலாக்காவின் ஜாசினில் தன் மின்கட்டமைப்பைப் பயன்படுத்தி ஒளியிழை இணையம் தரும் முன்னோட்டத் திட்டத்தை நடத்தியது. கம்பம் யாருடையது, தோட்டத்தினுடையதா தெனாகாவினுடையதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். இந்தப் பிரிவின் சாலையில் இரண்டு வகையும் கலந்து நிற்கின்றன.

இரண்டாவது, தமிழ்ப்பள்ளி. ஜெண்டேலா திட்டத்தில் பள்ளிகளுக்கு அருகே ஒளியிழை முனையங்களை அமைத்து, அங்கிருந்து சுற்றுவட்டார வீடுகளுக்கு இணைப்புத் தரும் ஏற்பாடு இடம்பெற்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வேலியிலிருந்து லயத்தின் முதல் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பள்ளிக்கென்று கொண்டுவரப்படும் வடம் வீடுகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டால், பொது நிதி ஆறு கிலோமீட்டரைச் சுமக்கும். நிறுவனம் கடைசிச் சில நூறு மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை இடம் மாற்றுவது பற்றிப் பேசும்போது இந்தக் கோணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளி போய்விட்டால் அந்தப் பிரிவுக்குள் பொதுப் பணம் நுழைவதற்கான வாசலும் அடைபடும்.

மூன்றாவது, மக்களின் கையிலேயே இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன், பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடலால் வீடிழந்த தொழிலாளர்களைத் திரட்டி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய தொழிலாளர்களின் பணத்தில் அது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கிப் பல தோட்டங்களை வாங்கியது. தோட்டத்தையே வாங்கிய சமூகத்துக்கு ஐம்பது வீடுகளின் விண்ணப்பத்தை ஒரே கட்டாகக் கொடுப்பது பெரிய காரியமாக இருக்க முடியாது. மேலே போட்ட கணக்கில் 26 ஆண்டை 13 ஆண்டாக்கியது இந்த ஒன்றுதான். கோவில் நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ முன்னின்று, தனியாள் ஒப்பந்தத்துக்குத் தயங்குபவர்களின் சார்பில் ஒரே பெயரில் ஒப்பந்தம் செய்து, வீட்டுக்கு வீடு பங்கிட்டுக்கொள்ள முடியுமா என்பதையும் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அயல்நாட்டுத் தொழிலாளர்களையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பது அவசியம். ஊரோடு பேசுவதற்கு அவர்கள் செலவிடுவது குறைவான தொகையில்லை.

கோரிக்கைக் கடிதம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதில் ஐந்து தகவல்கள் இருக்க வேண்டும்: வீடுகளின் எண்ணிக்கை, முச்சந்தியிலிருந்து லயம் வரை அளந்த தூரம், வழியில் நிற்கும் கம்பங்களும் அவற்றின் உரிமையாளரும், சேர ஒப்புக்கொண்ட குடும்பங்களின் கையெழுத்து, நில உடைமையாளரின் ஒப்புதல். முதல் நான்கையும் பிரிவு மக்களே ஒரு வார இறுதியில் தயாரித்துவிட முடியும். ஐந்தாவது தலைமையகத்திலிருந்து வர வேண்டியது. சாலையை ஒட்டிய முதிர்ந்த செம்பனைகளை வெட்டி மறுநடவு செய்யும் வேலைக்கு முன்பாக அது வந்தால், மண்வெட்டி இயந்திரங்கள் சாலையைத் திருத்தும்போதே குழாயையும் புதைத்துவிடலாம். பின்னால் வந்தால் அதே மண்ணை இன்னொரு முறை தோண்டுவதற்கான பணத்தையும் யாராவது கொடுக்க வேண்டியிருக்கும்.